பத்து ரூபாய் காசு இங்கு வாங்கப்படாது

குடுங்க தம்பி, வாங்கிக்கறேன். பத்து ரூபா காசுதானே, குடுங்க. ரெண்டும் குடுங்க, தண்ணி பாட்டில் இருவது ரூபா, சரியாப் போச்சு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? பஸ் ஸ்டாண்டுலருந்து இங்க வரைக்கும் ஒருத்தனும் வாங்கலையா? வாங்க மாட்டானுங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. எதிர்ல பஞ்சர் பாய் ஒரு டியூப வெளிய எடுத்தாருன்னா முக்கா மணி நேரம். வெயில்ல நின்னுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?

எந்த ஊரு நீங்க, மதுரையா? அங்க வாங்கறாங்களா? வாங்கறாங்கல்ல? பாருங்க. ஒரே கவருமெண்டு, ஒரே காசு. அங்க செல்லுது, இந்தத் திருப்பத்தூர் பக்கம் வந்தா செல்லல. இது யாரு போட்ட சட்டம்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆனா பத்து வருஷம் நானும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்தத் தூணப் பாருங்க, பசை காஞ்ச தடம் தெரியுதா? அங்கதான் போர்டு ஒட்டியிருந்தேன். 'பத்து ரூபாய் காசு இங்கு வாங்கப்படாது. நாகேஸ்வரி ஸ்டோர்.' செகப்பு ஸ்கெட்ச்சுல என் தங்கச்சி மகதான் எழுதிக் குடுத்தா. அழகான கையெழுத்து அதுக்கு. இலக்கியான்னு பேரு. எனக்குப் புள்ள குட்டி கெடையாது தம்பி. வீட்டுக்காரரும் போய் எட்டு வருஷமாச்சு. அது நடக்கக் கத்துக்கிட்டதே இந்தக் கடைக்குள்ள, சக்கரை மூட்டையப் புடிச்சுக்கிட்டுதான். பெரிம்மா பெரிம்மான்னு என் முந்தானையிலயே கெடக்கும்.

அத விடுங்க, காசு கதைய சொல்றேன்.

எவனோ கெளப்பிவிட்டான், பத்து ரூபா காசுல கள்ளக்காசு கலந்திருக்குன்னு. மேல பாகத்துல கோடு கோடா இருக்குல்ல, அதுல பத்து கோடு இருந்தா நல்ல காசாம், பதினஞ்சு இருந்தா கள்ளமாம். இன்னொருத்தன் வந்து அதுக்கு நேர் மாறா சொன்னான். நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்து எண்ணுவேன். எண்ணி முடிச்சிட்டு, எந்தக் காசா இருந்தாலும் வேணாம்னு திருப்பிக் குடுத்துடுவேன். அப்புறம் எதுக்கு எண்ணினேன்னு கேக்காதீங்க.

வக்கீல் குமாஸ்தா துரைக்கண்ணுன்னு ஒருத்தரு இருக்காரு இங்க. வம்புக்குன்னே பொறந்த மனுஷன். காப்பித்தூளு வாங்கிட்டு, நாலு பத்து ரூபா காச டேபிள்ல தட்டினாரு. "இது அரசாங்கக் காசு நாகேஸ்வரி. வாங்க மாட்டேன்னு சொன்னா ராஜத்துரோகம், ஏழு வருஷம் உள்ள போடுவான்"னாரு. நான் விடுவேனா? காப்பித்தூள எடுத்து டப்பாவுக்குப் பின்னால வச்சேன். "பொருள் என் கையில இருக்கற வரைக்கும் என் கடை, என் இஷ்டம். விக்க முடியாதுன்னா முடியாது. நீ எந்தக் கோர்ட்டுக்கு வேணா போ"ன்னுட்டேன். அவரு நாலு காசையும் பொறுக்கிக்கிட்டுப் போனாரு. பின்னால ஒரு காலேஜ் வாத்தியாரு சொன்னாரு, அவரு சொன்னதும் தப்பாம், நான் சொன்னதுலயும் பாதிதான் சரியாம். எனக்கு பாதி போதும்னு இருந்துட்டேன்.

அந்தத் துரைக்கண்ணு அத்தோட விட்டாரா? சில்லறை இல்லன்னா நான் சாக்லேட்டு குடுப்பேன், எல்லாக் கடையிலயும் நடக்கறதுதானே. அந்த மனுஷன் ஆறு மாசமா ஒண்ணு விடாம சேத்து வச்சு, ஒரு நாள் முப்பத்தெட்டு சாக்லேட்டக் கொண்டாந்து கொட்டி, சோப்பு குடுன்னாரு. "இது காசாய்யா?"ன்னு கேட்டேன். "நீ குடுக்கும்போது காசு, நான் குடுத்தா மட்டும் முட்டாயா?"ன்னாரு. கடையில நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. நான் வாங்குவேனா? கடசி வரைக்கும் வாங்கல. அன்னிக்கு ராத்திரி நெனச்சு நெனச்சு சிரிச்சேன். எப்படி மடக்கினேன் பாத்தியான்னு எனக்கே ஒரு பெரும.

சரி. என் தங்கச்சி காஞ்சனா. எனக்கு எட்டு வயசு சின்னவ. அவ புருஷன் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குன்னு போனான், போனவன் போனவன்தான். அவ என்ன பண்ணுவா பாவம். அம்மன் கோயில் வாசல்ல செருப்பு ஸ்டாண்டுல உக்காந்தா. ஏலம் எடுத்தவனுக்கு நாள் வாடக கட்டிட்டு மிச்சம் அவளுக்கு. ஜோடிக்கு ரெண்டு ரூபா. இங்கதான் தம்பி சங்கதி. ஊர்ல எந்தக் கடையிலயும் போகாத பத்து ரூபா காசெல்லாம் எங்க போகும்? உண்டியலுக்குப் போகும், இல்லன்னா செருப்பு ஸ்டாண்டுக்குப் போகும். பத்து ரூபா காசப் போட்டுட்டு, மிச்சத்த நீயே வச்சுக்கோம்மான்னு பெரிய வள்ளலாட்டம் போவாங்க. நானும்தான். கடையில ஏமாந்து வாங்கின காசு வாரத்துக்கு அஞ்சோ ஆறோ சேந்துடும். வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போறப்ப அவ தட்டுல போட்டுட்டு வருவேன். தங்கச்சிக்குக் குடுத்த மாதிரியும் ஆச்சு, எனக்கும் பாரம் கொறஞ்ச மாதிரி ஆச்சு.

அவ வேற சில்லறையெல்லாம் அரிசிக்கு, கேஸுக்குன்னு செலவு பண்ணிடுவா. இந்தக் காசுதான் எங்கயும் நகராது. பழைய பெயிண்டு டப்பா ஒண்ணுல போட்டு மூடி வச்சிருந்தா. "எதுக்குடி இந்தக் குப்ப?"ன்னு கேட்டா, "சிங்கம் போட்டிருக்குக்கா. கவருமெண்டு போட்டது. என்னிக்காவது எங்கயாவது செல்லும்"னுவா. நான் சிரிப்பேன்.

போன வருஷம் இலக்கியாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சுது. கவுன்சிலிங்ல வந்த சீட்டு தம்பி, மார்க்கு எடுத்து வந்தது. அந்தப் புள்ள கடைக்கு ஓடி வந்து என் கன்னத்துல முத்தம் குடுத்துச்சு. "பெரிம்மா, உனக்கு சுகர் ஊசி இனிமே நான்தான் போடுவேன்"னுச்சு. அந்த வாரம் கடைக்கு வந்தவங்க ஒருத்தர விடாம சொன்னேன், எம்பொண்ணு நர்சு படிக்கப் போறான்னு. எம்பொண்ணுன்னுதான் சொன்னேன்.

மொதல்ல எட்டாயிரத்து ஐந்நூறு கட்டணும். திங்கக்கெழம சாயந்திரம் நாலு மணிக்குள்ள. கட்டலன்னா அடுத்த பேருக்குப் போயிடும். காஞ்சனா ஆயிரத்து ஐந்நூறு நோட்டாவும், பாக்கி ஏழாயிரத்தக் காசாவும் எடுத்துக்கிட்டு, அம்மாவும் மகளும் ஷேர் ஆட்டோவுல போயிருக்காங்க. நர்சிங் காலேஜ் ஆபீஸ்ல இருந்த ஆளு டப்பாவத் தொறந்து பாத்துட்டு மூடிட்டானாம். "செல்லாதுன்னு நான் சொல்லலம்மா. ஆனா ஆயிரம் ரூபாய்க்கு மேல சில்லறையா குடுத்தா நாங்க வாங்கிக்கணும்னு சட்டத்துலயே இல்ல. மாத்திட்டு வாங்க, நாலு மணி வரைக்கும் இருப்பேன்"னு சொல்லியிருக்கான். தன்மையாத்தான் சொல்லியிருக்கான். புள்ளய சர்ட்டிபிகேட்டோட அங்கயே பெஞ்சுல உக்கார வச்சுட்டு, இவ நேரா இங்க வந்தா.

மதியம் ஒண்ணே கால். நான் சோத்து டப்பாவத் தொறந்த நேரம். டப்பாவத் தூக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து நிக்கறா. "அக்கா, இத நோட்டா மாத்திக் குடுக்கா. ஏழாயிரம் இருக்கு, எண்ணி வச்சிருக்கேன்"னா.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல தம்பி. டப்பாவ வாங்கித் தராசுல வச்சேன். ஏன் வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. கடக்காரி புத்தி. டப்பா எட போக அஞ்சு கிலோ நானூறு. "இத நான் வாங்கி எங்கடி போடுவேன்? எண்ணெய்க்காரன் வாங்க மாட்டான், பருப்பு மண்டியில வாங்க மாட்டான், பஸ்ஸுல ஏத்த மாட்டான். என் தலையில கட்டப் பாக்கறியா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டுட்டேன். ரெண்டு பேரு கடையில நின்னாங்க.

அவ மெதுவா சொன்னா, "இதுல பாதி நீ குடுத்ததுதாங்க்கா."

எனக்குச் சுருக்குனு ஏறிடுச்சு. குடுத்ததச் சொல்லிக் காட்டறாளே, நாலு பேரு முன்னாலன்னு. "நான் தருமமாக் குடுத்தேன்டி, திருப்பி வாங்கிக்கறதுக்கா குடுத்தேன்?"ன்னேன். அவ டப்பாவ என் பக்கம் நகத்தினா. "பத்து ரூபா காசுக்கு எட்டு ரூபான்னு எடுத்துக்கோக்கா. பாக்கிக்கு எங்கயாவது பொரட்டிக்கறேன்"னா. நான் வட்டிக்கடக்காரியா? தங்கச்சிகிட்டயே பத்துக்கு எட்டு வாங்கறவளா? அதனால வேணாம்னுட்டேன்.

கல்லாவுல பணம் இல்லாம இல்ல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? பத்தாயிரம் இருந்துச்சு. எண்ணெய்க்காரன் மூணு மணிக்கு வரேன்னு சொல்லியிருந்தான், அவனுக்கு எடுத்து வச்சது. கடனாக் கேட்டிருந்தா எப்படியோ குடுத்திருப்பேன். சத்தியமா குடுத்திருப்பேன். அவ கடனாக் கேக்கலையே. "கடன் வேணாங்க்கா, இது என் காசு. மாத்தித்தான் கேக்கறேன்"னா. அந்த ரோஷம் எதுக்கு அவளுக்கு? கடன்னு ஒரு வார்த்த வாயில வந்திருந்தா முடிஞ்சு போயிருக்கும். நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அந்த எண்ணெய்க்காரன் அன்னிக்கு வரவே இல்ல தம்பி. புதன்கெழமதான் வந்தான், பாழாப்போனவன்.

அவ டப்பாவ மூடிட்டுக் கெளம்பினா. படியில எறங்கினவ திரும்பி நின்னு, "பேங்க்ல போய்க் கேட்டுப் பாக்கட்டுமாக்கா?"ன்னா. பேங்க்கு எங்க இருக்கு தெரியுமா? அதோ, அந்தப் பச்ச போர்டு. இங்கருந்து நாலாவது கட்டடம். என்னக் கேட்டா தம்பி. படிச்சவ, கட நடத்தறவ, அக்காவுக்குத் தெரியும்னு என்னக் கேட்டா.

நான் பதறிப்போய்ட்டேன். "பைத்தியக்காரி, போய்த் தொலச்சுடாத. இத்தன காசு எங்கருந்து வந்துச்சும்பான். கள்ளக்காசு கேசுல புடிச்சு உள்ள வச்சுட்டான்னா புள்ள கதி என்னாவறது?"ன்னு சொன்னேன். நான் கேள்விப்பட்டததான் சொன்னேன். யாரு சொன்னாங்க, எங்க கேட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஊரே பேசுனதுதான். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அவ "சரிக்கா"ன்னா. டப்பாமேல சேல முந்தானையப் போட்டு மூடிக்கிட்டு, பேங்க்கு இருக்கற பக்கமே போகாம இந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போனா. அவ ஏதோ திருடினவ மாதிரி.

நாலு மணிக்கு சீட்டு போயிடுச்சு. அந்தப் புள்ள அஞ்சு மணி வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்துச்சாம், பியூன் வந்து பூட்டணும்மான்னு சொல்ற வரைக்கும்.

எட்டாம் நாளு நான் நகக் கடனுக்கு வட்டி கட்ட பேங்க்குக்குப் போனேன். எனக்கு முன்னால கோயில் கணக்கப்பிள்ள நிக்கறாரு, காலடியில ரெண்டு சாக்கு. உண்டியல் காசு. கேஷியர் பொண்ணு சாக்கப் பிரிச்சு மிஷின்ல கொட்டுது. எல்லாம் பத்து ரூபா காசு தம்பி. அந்த மிஷின் சடசடன்னு முழுங்குது. கணக்கப்பிள்ள ரசீத வாங்கிக்கிட்டு வெத்தலையப் போட்டுக்கிட்டே போறாரு. யாரும் அவர எதுவும் கேக்கல.

நான் கேட்டேன். "ஏம்மா, இது செல்லாத காசாச்சே?" அந்தப் பொண்ணு நிமிந்து பாத்துச்சு. "யாரும்மா சொன்னது? கோடு எத்தன இருந்தாலும் எல்லாமே செல்லும். மூட்டையா இருந்தாலும் கொண்டாங்க, எண்ணிக் கணக்குல போட்டுக்குவோம். இல்லன்னா நோட்டா வாங்கிட்டுப் போங்க"ன்னுச்சு. "போலீஸ்ல புடிக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டேன். அது சிரிச்சுடுச்சு. சின்னப் பொண்ணு, இலக்கியா வயசவிட நாலு வயசு கூட இருக்கும். "போன திங்கக்கெழம கொண்டாந்திருந்தா?"ன்னு கேட்டேன். "போன திங்கக்கெழமயும் வாங்கியிருப்போம்மா. எப்பவும் வாங்கறோம்"னுச்சு.

அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன். ஒண்ணே காலுக்கு வந்தா. நாலாவது கட்டடம். பத்து நிமிஷத்துல மாத்தியிருக்கலாம், ரெண்டு மணிக்கெல்லாம் புள்ள பேரு எழுதியிருப்பாங்க. அய்யோ, என் வாயால கெடுத்தேனே தம்பி. என் வாயால.

கல்லாவுலருந்து ஏழாயிரத்த எடுத்துக்கிட்டு காஞ்சனா வீட்டுக்கு ஓடினேன். அவ கொழம்புக்குப் புளி கரைச்சுக்கிட்டிருந்தா. விஷயத்த சொல்லி நோட்ட நீட்டினேன். அவ வாங்கல. சத்தமும் போடல. கத்தியிருந்தா தேவல. "நீ நோட்டு குடுக்காதது எனக்கு வருத்தமில்ல. உன் பணம், உன் இஷ்டம். பேங்க்குக்குப் போவாதன்னு சொன்னியேக்கா. நான் உன்னக் கேட்டுட்டுத்தானே நின்னேன்"னா. அவ்ளோதான் பேசினா. அதுதான் என்னக் கடசியா அக்கான்னு கூப்பிட்டது.

அடுத்த வருஷம் சேத்துக்கலாம்டி, நான் கட்டறேன்னு சொன்னேன். பின்னால அக்கம்பக்கத்துல கேட்டுத்தான் தெரிஞ்சுது, அந்த கவருமெண்டு கட்டணத்துக்குச் சீட்டு திரும்ப வராதாம். புள்ளயும் வேணாம்னுடுச்சாம். அது ஷூ கம்பெனியில சேந்து அன்னிக்கு ரெண்டாம் நாளு. கம்பெனி வேன் காலையில ஆறரைக்கு இதோ, இந்தக் கடைக்கு எதிர்லதான் நிக்கும். இலக்கியா ஏறும். கை வெரலெல்லாம் பசை ஒட்டித் தோலு உரிஞ்சிருக்கு, இங்கருந்தே தெரியுது. நான் கடையத் தொறக்கறமாதிரி அந்த நேரத்துக்கு வந்து நிக்கறேன். அது ஜன்னல் ஓரம் உக்காந்து செல்போனப் பாத்துக்கிட்டே போயிடும். சுகர் ஊசிய நானேதான் போட்டுக்கறேன். வயித்துல குத்திக்கிட்டு அழுவேன், வலியில இல்ல.

போர்டக் கிழிச்சுப் போட்டுட்டேன். அன்னியிலருந்து யாரு குடுத்தாலும் வாங்கறேன். துரைக்கண்ணுகூட கேட்டாரு, என்ன நாகேஸ்வரி, ஜெயிலுக்குப் பயந்துட்டியான்னு. அவரு காச வாங்கிக் கல்லாவுல போட்டேன். ஆனா தம்பி, மனசுல கை வச்சு சொல்லுங்க, நான் ஒருத்தியா வாங்கல? இந்தத் தெருவுல எவன் வாங்கினான்? பஸ்ஸுல வாங்கினானா? மருந்துக் கடையில வாங்கினானா? எல்லாரும் நல்லா இருக்கான். என் வீட்டுல மட்டும் ஏன் இப்படி விடிஞ்சுது?

வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். சாமியப் பாக்க இல்ல. போன வாரமும் போனேன். கூட்டம். வரிசையில நின்னு செருப்பக் கழட்டி அவ முன்னால வச்சேன். நூறு ரூபா நோட்ட நீட்டினேன். மிச்சம் வேணாம்டி, வச்சுக்கோன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள தொண்ணூத்தெட்டு ரூபாய எண்ணி என் கையில வச்சுட்டா. கம்பால என் செருப்ப இழுத்து ஆணியில மாட்டிட்டு டோக்கன நீட்டினா. "காஞ்சனா"ன்னு கூப்பிட்டேன். நிமிந்தா. என் கண்ணப் பாத்துக்கிட்டே, எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொன்னா.

"டோக்கன பத்திரமா வச்சுக்கோங்கம்மா. டோக்கன் இல்லாம வந்தா நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."